அடியில் பூசிய கறுப்பு

பழவேற்காடு,
8.3.1982

அன்புள்ள காஜா அண்ணனுக்குத் தங்கை ராபியாவின் ஸலாம்.

அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. உங்கள் மச்சான் இஸ்மாயில் நலம். இறால் கம்பெனி ஐஸ் வண்டியை மெட்ராஸுக்கும் இங்கேயும் ஓட்டி ஓட்டி, துவைத்த சட்டையிலும் இறால் வாடை அடிக்கிறது. துபாய்ச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

ஆரம்பாக்கம் ஆள் கொண்டுவந்த கார் கைக்கு வந்தது. பதின்மூன்றாவது கார். கண்ணாடி அலமாரியில் முதல் தட்டில் நீங்கள் துபாய் போன புதிதில் அனுப்பிய மூன்றும் இருக்கின்றன. அந்த இங்கிலீஷ் டெலிவிஷன் தொடரில் வருகிற இறக்கை வைத்த கறுப்புக் கார் இன்னும் எனக்கு ராஜா மாதிரி. அதற்குக் கீழே மற்றதெல்லாம். மார்கரெட் டீச்சர் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆன பொண்ணு, கார் வெச்சு ஆடுறியே"னு சிரித்தார். நான் ஆடவில்லை, சேர்க்கிறேன் என்று சொன்னேன். படத்துக்குப் போனால் எல்லாரும் கதாநாயகனைப் பார்ப்பார்கள். எனக்கு அவன் இறங்கிப் போன பிறகு தனியாக நிற்கிற கார் போதும். உங்களுக்குத்தான் தெரியுமே.

ஒரு சந்தேகம். நாலாவது காரிலிருந்து எல்லாவற்றுக்கும் அடியில் கெட்டியாகக் கறுப்பு பூசியிருக்கிறதே, ஏன்? படகுக்குத் தார் பூசியது போல இருக்கிறது. இது இன்ன கம்பெனி என்று படிக்க முடியவில்லை.

உங்கள் மச்சானுக்கும் துபாய் ஆசை வந்துவிட்டது. நீங்கள் நல்ல வார்த்தை எழுதினால் அடங்குவார்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
ராபியா


துபாய்,
2.5.1982

அன்புத் தங்கை ராபியாவுக்கு அண்ணன் காஜா மைதீனின் துஆ.

நான் நலம். உன் கடிதம் தாமதமாகத்தான் வந்தது. எனக்கென்று தபால் பெட்டி கிடையாது என்பது உனக்குத் தெரியும். சிநேகிதன் சாலமன் பெட்டிக்கு வந்து அவன் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவன் இருப்பது ஒரு மூலை, நான் இருப்பது ஒரு மூலை. அம்மாவை வெயிலில் அலையவிடாதே.

கறுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே மணல் காற்று அடிக்கும். துரு ஏறாமலிருக்க எல்லா வண்டிக்கும் அடியில் கறுப்பு பூசித்தான் விற்பார்கள், பொம்மை வண்டியானாலும் சரி. சுரண்டிவிடாதே, கார் வீணாகிவிடும்.

அடுத்து என்ன கார் வேண்டும் என்று எழுது. கடையில் தேடிப் பார்க்கிறேன். வேலை, அறை, தூக்கம் என்று நாள் போகிறது. எழுத வேறொன்றும் இல்லை.

அம்மாவுக்கு என் ஸலாம் சொல்.
காஜா மைதீன்


பழவேற்காடு,
20.5.1982

அன்பு அண்ணனுக்கு ராபியா.

எல்லாரும் நலமே. அம்மா உங்கள் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாதவருக்கு அது எதற்கு என்று கேட்டால் திட்டுகிறார்.

மச்சானைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீங்கள்? அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

என்ன கார் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். போன வாரம் டூரிங் கொட்டாயில் ஒரு படம். கதை நினைவில்லை. ஆனால் ஒரு பச்சைக் கார் வந்தது அண்ணே! பாட்டில் பச்சை. மேலே திறந்தது. ஒரு விளக்கு உடைந்து, ஒற்றைக் கண்ணோடு தென்னந்தோப்புக்குள் பாய்ந்து பாய்ந்து ஓடி, கடைசியில் கடலில் விழுந்தது. கதாநாயகி செத்தபோது அழாத நான் அந்தக் கார் முழுகும்போது அழுதேன். உங்கள் மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். பின்தாளில் படம் வரைந்திருக்கிறேன். இடது பக்கத்து விளக்குதான் உடைந்தது. எண் 4118. தமிழ்ப் படத்துக் காரைத் துபாய்க் கடையில் எவன் விற்கப் போகிறான்? கேட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ராபியா


துபாய்,
11.9.1982

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமே நாடுகிறேன். நீ கேட்டது கிடைத்துவிட்டது. இங்கே மலபார்க்காரர் ஒருவர் கடையில் நம் ஊர்ப் படத்துக் கார்கள்கூட வருகின்றன. ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். திறந்து பார்த்ததும் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. கதவு திறக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். அதற்குத்தான் ரொம்ப மெனக்கெட வேண்டியிருந்தது, கடை தேடி அலைந்ததைச் சொல்கிறேன்.

இஸ்மாயில் மச்சானுக்கு ஐஸ் வண்டியே நல்ல வேலை.

காஜா மைதீன்


பழவேற்காடு,
3.10.1982

அன்பு அண்ணனுக்கு ஆயிரம் ஸலாம்.

அம்மா நலம், நான் நலத்துக்கும் மேலே. பச்சைக் கார் வந்துவிட்டது! பொட்டலத்தைப் பிரித்தேன். அதே பச்சை. 4118. இடது விளக்கு உடைந்து, உள்ளே குண்டு பல்புகூட நசுங்கியது மாதிரி! ஸ்டியரிங்கைத் திருப்பினேன், சக்கரம் திரும்பியது. கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் பாம்பு வந்துவிட்டது என்று கம்போடு ஓடி வந்தார்கள். தபால்கார ஞானதாஸ் அண்ணன்கூட நின்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நல்ல சேதி இன்னொன்று. உங்கள் மச்சான் துபாய் வருகிறார்! நீங்கள் போனீர்களே, அதே மண்ணடி ஏஜெண்ட் லத்தீப் பாய் மூலமாகத்தான். போன மாதம் நம் ஊருக்கே வந்திருந்தார். பள்ளிவாசல் பக்கம் நின்று, "காஜா மைதீனை அனுப்புனது யாரு? நான்தானே! இப்போ எப்படி இருக்கான், அவுங்க அம்மாவைக் கேளுங்க"னு சொன்னார். அம்மாவும் பெருமையாகத் தலையாட்டினார். மச்சான் பாஸ்போர்ட் போட்டுவிட்டார். ஷாகுல் ஹமீதும் தோணிரேவு சிங்காரமும் சேர்ந்து போட்டிருக்கிறார்கள். முதலில் மச்சான், பிறகு அவர்கள். நீங்கள் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்வீர்கள் என்று இங்கே எல்லாரும் தைரியமாக இருக்கிறோம்.

சந்தோஷத்தோடு,
ராபியா


துபாய்,
28.11.1982

ராபியாவுக்கு,

இஸ்மாயிலை அனுப்பாதே. யாரையும் அனுப்பாதே. இங்கே இப்போது ஆள் எடுப்பதில்லை. ஒரு வருஷம் போகட்டும். நான் சொல்கிறேன், கேள்.

காஜா மைதீன்


பழவேற்காடு,
14.12.1982

அண்ணனுக்கு ராபியா எழுதுவது.

அம்மா சுகமா என்று கேட்கவில்லை நீங்கள். சுகம்தான், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் ஸலாம்கூட இல்லை. அதனால் மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

மச்சான் அதைப் படித்துவிட்டு மடித்து என் மடியில் போட்டார். பிறகு, "இன்னா ராபியா, உங்க அண்ணனுக்கு அவன் மட்டும் துபாய்க்காரனா இருக்கணும். நான் ஐஸ் வண்டிலயே கெடக்கணும். அதானே?"னு கேட்டார். ஆள் எடுக்கவில்லை என்கிறீர்கள். லத்தீப் பாயோ விசாவையே காட்டுகிறார். யாரை நம்புவது? காரணம் சொன்னால் கேட்போம். "நான் சொல்கிறேன், கேள்" என்றால், நான் என்ன பாவாடை கட்டின பிள்ளையா?

மச்சான் ஐஸ் வண்டி வேலையை விட்டுவிட்டார். சாவியையும் கொடுத்தாயிற்று. ஜனவரி பதினேழாம் தேதி பம்பாய் ரயில். அங்கே லாட்ஜில் இரண்டு வாரம், பிறகு விமானம் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களால் உதவ முடியாவிட்டால் பரவாயில்லை, எங்கள் வாயை அடைக்க வேண்டாம்.

இந்தக் கோபத்திலும் நீங்கள் சாப்பிட்டீர்களா என்றுதான் நினைப்பு வருகிறது.
ராபியா


பழவேற்காடு,
21.1.1983

காஜா மைதீன்,
பூர்ணிமா டாய் வொர்க்ஸ், பம்பாய் – 8.

அண்ணே, விலாசத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். எனக்கு நேற்றிலிருந்து அப்படித்தான் இருக்கிறது.

மச்சான் பதினேழாம் தேதி போய்விட்டார். முந்தாநாள் மாலைக் காட்சிக்குக் கொட்டாயில் அதே பச்சைக் கார் படம் மறுபடி போட்டார்கள். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் போனேன். கார் வந்தது. ஒற்றைக் கண்ணோடு பாய்ந்தது. அண்ணே, அதில் உடைந்தது வலது பக்கத்து விளக்கு. நான்தான் தப்பாக வரைந்து அனுப்பியிருக்கிறேன். கார் நம்மைப் பார்த்து வரும்போது நம் இடது கைப் பக்கம் இருந்ததை இடது என்று எழுதி, படத்திலும் காரின் இடது விளக்கையே உடைத்து வரைந்துவிட்டேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்தைப் பார்த்துச் செய்த எவனும் இடது விளக்கை உடைக்க மாட்டான். என் தப்பைப் பார்த்துச் செய்தவன்தான் உடைப்பான். என் தப்பு நான் உங்களுக்கு அனுப்பிய ஒரே தாளில்தான் இருந்தது. கடையில் செய்து விற்கிற காருக்குள் அது எப்படிப் போனது?

பாதிப் படத்தில் எழுந்து வந்துவிட்டேன். நேற்றுக் காலையில் மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் அடியைத் தேய்த்தேன். சுரண்டாதே என்று எழுதினீர்களே, அது நினைவுக்கு வந்ததும் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். எழுத்து வந்தது. மார்கரெட் டீச்சரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். "மேட் இன் இந்தியான்னு போட்டிருக்கு ராபியா. பூர்ணிமா டாய் வொர்க்ஸ், பாம்பே எட்டு"ன்னார். ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். முதல் மூன்றைத் தவிர பதினொன்றிலும் அதே பெயர்.

அப்போதும் மனசு கேட்கவில்லை. யாரோ பம்பாய்க் காரை வாங்கித் துபாயில் விற்றிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பார்த்தேன். முன் சக்கரக் கம்பியை நைலான் நூலால் கட்டியிருந்தது. நம் அத்தா வலது கையில் இரண்டு விரல் போன பிறகு இடது கையால் வலை முடிவாரே, இரண்டு சுற்று சுற்றி உள்பக்கமாக இழுக்கிற முடிச்சு, அதே முடிச்சு. அது உலகத்தில் உங்களுக்கும் எனக்கும்தான் வரும். நான் போடவில்லை.

நாலு வருஷமாக அம்மா ஒவ்வொரு தொழுகையிலும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்காக அழுகிறார். நீங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பொம்மைக்கு வர்ணம் பூசுகிறீர்களா? என்ன மனசு அண்ணே உங்களுக்கு? லத்தீப் பாய் உங்கள் பெயரைச் சொல்லித்தானே மச்சானைக் கூட்டிப் போனார்! ஒரு வரி, ஒரே ஒரு உண்மையான வரி எழுதியிருந்தால் அவர் போயிருக்க மாட்டார்.

தந்தி கொடுத்திருக்கிறேன். "இஸ்மாயில் பம்பாயில், லத்தீப் லாட்ஜ், காப்பாற்று" என்று டீச்சர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். இந்தக் கடிதம் வருவதற்குள் நீங்கள் போயிருக்க வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ராபியா


பம்பாய்,
30.1.1983

என் தங்கை ராபியாவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பம்பாய் என்று தலைப்பில் இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அதே லாட்ஜில் எட்டு மாதம் காத்திருந்தேன். நாளைக்கு விமானம், நாளைக்கு விமானம் என்றார்கள். ஒருநாள் ஆளும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. பழவேற்காடே படகுத்துறை வரைக்கும் வந்து மாலை போட்டு அனுப்பியதே ராபியா, அத்தாவின் படகை விற்றுவிட்டு வந்தேனே, எந்த முகத்தோடு திரும்புவது? என்னோடு வந்தவர்களில் சாலமனுக்கு மட்டும் வேறு ஆள் மூலம் விசா கிடைத்தது. அவன் காலைப் பிடித்தேன். என் கடிதத்தைத் துபாயிலிருந்து தபாலில் போடவும், உன் கடிதத்தை இங்கே எனக்கு அனுப்பவும் சொன்னேன். முதல் மூன்று கார் அவன் வாங்கிக் கொடுத்தது.

பிறகு இந்தப் பட்டறையில் வேலை கிடைத்தது. படம் ஓடும் தியேட்டர் வாசலில் விற்க அந்தந்தப் படத்துக் காரைத் தகரத்தில் செய்வார்கள். உனக்காக ஒவ்வொன்று தனியாகச் செய்தேன். துபாய்க்கு ஏறும் யாரிடமாவது கொடுப்பேன். சாலமன் வாங்கி, ஊருக்கு வருகிற ஆளிடம் திருப்பிக் கொடுப்பான். நான் செய்த கார்கள் துபாயைப் பார்த்தன. நான் இன்னும் பார்க்கவில்லை.

உன் தந்தி வந்ததும் ஓடினேன். இஸ்மாயில் லாட்ஜில், நான் படுத்த அதே அறையில், துணியை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். "மச்சான்! என்னை இட்டுனு போவவா துபாய்ல இருந்து வந்தே?"னு கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பாஸ்போர்ட்டை முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாளில் லத்தீப் பாயின் ஆள் தங்கிய அறை பூட்டியாயிற்று, ஆளைக் காணவில்லை. இஸ்மாயில் இப்போது என்னோடு இருக்கிறார். சக்கரத்துக்கு வர்ணம் அடிக்கிறார். ஊருக்குப் போகலாம் என்றால் ரயில் முன்னால் விழுவேன் என்கிறார். உனக்கு எல்லாம் தெரியும் என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. தந்தியை ஒளித்து வைத்திருக்கிறேன். அவர் உனக்குப் பிப்ரவரித் தேதி போட்டு ஒரு கடிதம் எழுதிச் சாலமனுக்கு அனுப்பியிருக்கிறார். அது துபாய் முத்திரையோடு வரும். வந்தால் நம்புவதுபோல இருந்துவிடு. நான் கேட்கக்கூடாததுதான். வேறு வழி தெரியவில்லை.

உன் அண்ணன்,
காஜா மைதீன்


துபாய்,
20.2.1983

என் அன்பு மனைவி ராபியாவுக்கு இஸ்மாயிலின் ஸலாம்.

நான் சுகமாகத் துபாய் வந்து சேர்ந்தேன். நீ கவலைப்படாதே. விமானம் ஏறும்போது கொஞ்சம் பயமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. உன் அண்ணன் விமான நிலையத்துக்கே வந்து அழைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறோம். இங்கே வெயில் தாங்க முடியவில்லை. மணல் காற்று அடிக்கிறது. வேலை நல்ல வேலை.

மாமியிடம் சொல். ஷாகுலிடமும் சிங்காரத்திடமும் சொல்: கொஞ்சம் பொறுக்கட்டும், அவசரம் வேண்டாம்.

உனக்கு ஒரு சிவப்புக் கார் வாங்கியிருக்கிறேன், ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். மணலுக்காக அடியில் கறுப்பு பூசியிருக்கும், தேய்க்காதே.

உன் நினைவாகவே இருக்கிறேன்.
இஸ்மாயில்


பழவேற்காடு,
15.3.1983

பூர்ணிமா டாய் வொர்க்ஸில் இருக்கும் துபாய்க்காரர்கள் இருவருக்கும் ராபியாவின் ஸலாம்.

இங்கே யாரும் சாகவில்லை, எல்லாரும் நலம். அண்ணே, இந்தக் கடிதத்தை ஒளிக்காமல் உங்கள் மச்சான் கையில் கொடுங்கள். தந்தியையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் நானே ரயிலேறி வருவேன்.

என்னங்க, உங்கள் கடிதம் துபாய் முத்திரையோடு வந்தது. அது வருவதற்கு முன்பே எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அதைப் பிரித்துப் படித்தேன். வெயில் தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாசி மாதம் அங்கே குளிர் என்று மார்கரெட் டீச்சர் சொல்கிறார். பொய் சொல்லக்கூட உங்களுக்குச் சரியாக வரவில்லை. அண்ணன் சொல்லிக் கொடுத்த மணலையும் கறுப்பையும் அப்படியே எழுதிவிட்டீர்கள். அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

நம்புவதுபோல இருந்துவிடு என்றீர்களே அண்ணே. இருந்திருப்பேன். ஆனால் லத்தீப் பாயின் ஆள் போன வியாழக்கிழமை மறுபடி ஊருக்கு வந்தான். "காஜா மைதீனும் இஸ்மாயிலும் இப்போ துபாய்ல ஒண்ணாத்தான் இருக்காங்க"னு சொல்லி ஷாகுல் ஹமீதின் பாஸ்போர்ட்டையும் சிங்காரத்தின் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது இரண்டு பெயர் சொல்லிப் பிடிக்கிறான். அடுத்த வருஷம் நாலு பெயர் சொல்லுவான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மா விடுகிற நேரத்துக்குப் பதினாலு காரையும் கூடையில் எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு எதிரே போய் நின்றேன். முதல் மூன்றை நேராக வைத்தேன். மற்ற பதினொன்றையும் கரையில் படகு கவிழ்ப்பது மாதிரி மதில் மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். வெளியே வந்த ஆம்பளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். "இன்னாம்மா இது?"ன்னார் ஷாகுல் ஹமீது. "எங்க அண்ணன் பம்பாய்ல செஞ்சது. அவரு துபாயே போவல. என் வூட்டுக்காரரும் போவல. உங்க பாஸ்போர்ட்டும் போவாது, அந்த ஆளு கையிலதான் இருக்கும்"னு சொன்னேன். ஒருவர் ஒரு காரை எடுத்து, அடியில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் கொடுத்தார். சிங்காரம் சேதி கேட்டுத் தோணிரேவிலிருந்து ஓடி வந்தார். அன்றைக்கே இறால் லாரியில் முப்பது பேர் மண்ணடிக்குப் போனார்கள். இரண்டு பாஸ்போர்ட்டும் திரும்பி வந்துவிட்டன. உங்களுடையதையும் தேடச் சொல்லிப் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, நீங்கள் இரண்டு பேரும் பொத்திப் பொத்தி வைத்த மானத்தை நான் மதில் மேல் வைத்துவிட்டேன். இந்த ஊரில் இனி அது தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஒளிக்க எதுவும் மிச்சமில்லை. பிறகு எதற்காக அங்கே இருக்கிறீர்கள்?

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் நடுங்கினேன். நான் வீடு வருவதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். கதவருகே நின்றிருந்தார். மயங்கி விழுவார் என்று பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"அவன் துபாய்ல இல்லியாடி?"

"இல்லம்மா."

"பம்பாய்லயா கீறான்?"

"ஆமாம்மா."

"பம்பாய்க்கு இங்கேருந்து ரயிலு கீதாடி?"

இருக்கிறது என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்போ இன்னாத்துக்கு நாலு வருசமா அழுதேன்?"னு கேட்டார். பிறகு அழுதுகொண்டே அரிசி களையப் போய்விட்டார், இரண்டு பேர் சாப்பாட்டுக்கு அல்ல, நாலு பேர் சாப்பாட்டுக்கு. எவ்வளவு சொல்லியும் தினமும் அப்படித்தான் உலை வைக்கிறார். மீந்ததை நான் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன்.

ஐஸ் வண்டிக்கு இன்னும் ஆள் போடவில்லை என்று கம்பெனியில் சொன்னார்கள். பொன்னேரியிலிருந்து இங்கே வர காலை ஆறரைக்கு முதல் பஸ். சிவப்புக் காரை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். வருகிறவர்களே கையில் கொண்டு வாருங்கள். அடியில் கறுப்பு பூச வேண்டாம்.

பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கும்,
ராபியா